ஸ்விங் எங்கே ஆடுகிறது? குரூனர் பாட்டைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் உலகத்தின் பாதிக் கடைகளில் மைக்கேல் பூப்ளேயின் குரல் ஒலிக்கும். கனடாவின் பர்னபியில் 1975இல் பிறந்தவர். 2003இல் இவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த ஆல்பம் இவரை உலகறியச் செய்தது. இவரைப் பற்றிப் பேசும்போது ஒருவர் “ஜாஸ் பாடகர்” என்பார், இன்னொருவர் “பழைய பாட்டைத் திருப்பிப் பாடுகிறவர்” என்பார், மூன்றாமவர் “கோட் சூட் போட்டுக்கொண்டு மெல்லப் பாடுகிறவர்” என்பார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சில் குரூனர், ஸ்விங், ஸ்டாண்டர்ட் என்ற மூன்று சொற்களும் ஒன்றாகக் குழைந்துபோகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால், இந்தப் பாடகர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்பது காதுக்குத் தெளிவாகக் கேட்கும்.

குரூனர் என்பது குரலைப் பற்றிய சொல்: மைக்கை ஒட்டி நின்று, ஒரே ஒருவரிடம் பேசுவதுபோல் பாடுகிறவர். ஸ்விங் என்பது தாளத்தைப் பற்றியது: காலத்தைச் சமமாக வெட்டாமல் நெடிலும் குறிலுமாக வெட்டும் நடை. ஸ்டாண்டர்ட் என்பது பாட்டைப் பற்றியது: யார் முதலில் பாடினார் என்பதைத் தாண்டி, எல்லோரும் எடுத்துப் பாடும் பொதுச் சொத்தாகிவிட்ட பாட்டு. ஸ்விங் இல்லாமலும் குரூனராக இருக்கலாம். குரூனராக இல்லாமலும் ஸ்விங் பாடலாம். மூன்றும் ஒருவரிடம் சேரும்போதுதான் நாம் மனதில் வைத்திருக்கும் அந்தக் கோட் சூட் படம் வருகிறது.

மைக் வருவதற்கு முன், வந்த பின்

தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசும் குரலையும், தெருமுனையில் போகிறவரைக் கூப்பிடும் குரலையும் நினைத்துப் பாருங்கள். இரண்டாவதில் வயிறு இறுகும், வாய் அகலும், சொல் நீளும். “டேய்ய்” என்று இழுத்துக் கூப்பிடும்போது அதில் கோபமா பாசமா என்ற நுட்பமெல்லாம் அடிபட்டுப் போகும். முதலாவதில் மூச்சுக்கூடக் கேட்கும்.

1925 வரை பாடகர்கள் எல்லோருக்கும் இரண்டாவது குரல்தான் வழி. இசைத்தட்டுப் பதிவுக்கு மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய குழலின் வாயில் பாட வேண்டும், அந்தக் காற்றதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறும். மெல்லப் பாடினால் கோடே விழாது. மேடையிலும் அதே கதைதான். நம்மூரில் கிட்டப்பா காலத்து நாடக மேடைப் பாடகர்கள் அவ்வளவு உச்சத்தில் பாடியதற்கும் இதே காரணம் உண்டு: கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்.

1925இல் அமெரிக்காவின் விக்டர், கொலம்பியா ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் இரண்டும் மைக் வழியாகப் பதியும் மின் பதிவுக்கு மாறின. வானொலியும் பரவியது. இப்போது காதருகே பேசுவதுபோல் பாடினாலும் லட்சம் பேருக்குக் கேட்கும். ரூடி வாலி, பிங் கிராஸ்பி போன்றவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மைக் இல்லாத மேடைகளில் வாலி கையில் ஒரு கூம்புக் குழலை வைத்துக்கொண்டு பாடினார், அவர் குரல் அவ்வளவு சின்னது. சமூகத்துக்கு இது சட்டென்று செரிக்கவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆண், வீட்டு வரவேற்பறைக்குள் வந்து காதோரம் முணுமுணுப்பதாகத்தான் பலருக்குப் பட்டது. 1932இல் பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓகானல் இந்தப் பாட்டு முறையையே பகிரங்கமாகக் கண்டித்தார்.

ஆகவே குரூனிங் என்பது பலவீனமான குரலுக்குக் கிடைத்த சலுகை இல்லை. மைக் என்ற கருவியை வாசிக்கும் முறை அது. வயலின்காரருக்கு வில் எப்படியோ, குரூனருக்கு மைக் அப்படி.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரம்

மேடையில் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் முன்பக்கத்து ஒலியை அதிகமாகவும் பின்பக்கத்து ஒலியைக் குறைவாகவும் வாங்கும். இவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வாய் நெருங்க நெருங்க, குரலின் கீழ்ப்பகுதி, அதாவது அடித்தொனி, மட்டும் கூடுதலாகப் பெருகும். இதை அண்மை விளைவு என்பார்கள். குரூனர் குரலில் கேட்கும் அந்த வெல்லப்பாகு போன்ற அடர்த்தியில் பாதி தொண்டையில் இருக்கிறது, பாதி இந்த விளைவில் இருக்கிறது.

கையில் ஒரு சாதாரண மேடை மைக் இருந்தால் இப்படிப் பாருங்கள். உதட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் பேச்சுக் குரலில் ஒரு வரி பாடுங்கள். அதே வரியை, அதே அழுத்தத்தில், 20 செ.மீ. தூரத்தில் பாடுங்கள். ஒலி குறைவது மட்டுமில்லை, குரலே மெலிந்து வேறு ஆள் குரல்போலக் கேட்கும். தூரம் இரட்டிப்பானால் ஒலியழுத்தம் ஏறத்தாழ பாதியாகும். அதனால்தான் உச்ச ஸ்வரம் வரும்போது பாடகர் மைக்கைக் கொஞ்சம் விலக்குகிறார். பார்ப்பவருக்கு அது மேடை அலங்காரம்போலத் தெரியும். உண்மையில் அவர் கைதான் அந்த நேரத்தில் வால்யூம் திருகி.

புதிதாகப் பழகுபவர்களிடம் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். நெருங்கி நின்று “ப” என்று தொடங்கும் சொல்லைப் பாடினால் “டொப்” என்று காற்று மைக்கில் மோதும். வாய்க்கு நேராகப் பிடிக்காமல், மைக்கை வாயோரத்துக்குச் சற்றே சாய்த்துப் பிடித்தால் காற்று பக்கத்தில் போய்விடும், குரல் மட்டும் உள்ளே போகும். இரண்டாவது, மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிப்பது. பின்பக்கத்து ஒலியைத் தள்ளிவிடும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கர் ஒலி திரும்ப உள்ளே நுழைந்து “கூ” என்று ஊளையிடும். மூன்றாவது பிழைதான் பெரியது: மெல்லப் பாட வேண்டும் என்று நினைத்து மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடுவது. அப்படிச் செய்தால் வரியின் கடைசிச் சொல் தொங்கிப்போகும். மெல்லிய குரலுக்குத்தான் மூச்சுக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். அமெரிக்கக் குரூனர் ஃபிராங்க் சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்சியின் இசைக்குழுவில் பாடினார். டார்சி டிராம்போன் வாசிக்கும்போது வாயோரத்தில் திருட்டு மூச்சு வாங்கி, நீண்ட வரியை உடையாமல் ஓட்டுவதைப் பார்த்துக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இதுவரை பார்த்தது குரல் பக்கம்: மைக் பிறப்பித்த நெருக்கம், தூரத்தால் மாறும் தொனி, அதைத் தாங்கிப் பிடிக்கும் மூச்சு. இதில் இன்னும் தாளமே வரவில்லை.

ஸ்விங்: நெடிலும் குறிலும்

வேகமான பழைய நடனப் பாட்டு என்றால் அது ஸ்விங் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்விங்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. மிக மெதுவான பாட்டும் ஸ்விங் ஆகும்.

காலால் தட்டும் ஒவ்வொரு தட்டையும் பீட் என்போம். நான்கு பீட் சேர்ந்த ஒரு சுற்றுக்குப் பார் என்று பெயர். ஒரு பீட்டுக்குள் இரண்டு ஸ்வரம் வைக்க வேண்டுமென்றால் சாதாரணமாக இரண்டையும் சமமாக வைப்போம்: “தக தக தக தக”. கடிகார முள் நடப்பதுபோல் இருக்கும். ஸ்விங்கில் முதலாவது நீளும், இரண்டாவது குறுகும்.

தாளம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஒவ்வொரு பீட்டுக்கும் “தகிட” என்று மூன்றாகச் சொல்லுங்கள். நான்கு பீட்டுக்கு நான்கு தகிட. இப்போது நடுவிலுள்ள “கி”யை விழுங்கி, “த”வை அதன் இடம்வரை நீட்டுங்கள்: “தாஅட தாஅட தாஅட தாஅட”. இதுதான் ஸ்விங்கின் எலும்புக்கூடு. நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் 500 மில்லிவிநாடி. அதில் நெடில் சுமார் 333, குறில் சுமார் 167.

எலும்புக்கூடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு நடுத்தர வேகத்துக்கு மட்டும்தான் ஏறக்குறையப் பொருந்தும். மெதுவான பாட்டில் நெடில் இன்னும் நீளலாம். வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிக்கொண்டே வரும், ஏனென்றால் குறில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் கைக்கும் காதுக்கும் அது தனி ஸ்வரமாக நிற்காது. கணினியில் எல்லா வேகத்துக்கும் ஒரே விகிதத்தை வைத்து ஸ்விங் செய்யும்போது குதிரை நொண்டுவதுபோல் கேட்பது இதனால்தான்.

டிரம்ஸ்காரரின் வலப்பக்கம் தொங்கும் பெரிய தட்டில் இந்த நடையைத் தெளிவாகக் கேட்கலாம். “டிங், டிங்-கி, டிங், டிங்-கி”. ஒன்றும் மூன்றும் வெறும் டிங். இரண்டிலும் நான்கிலும் ஒரு குறில் ஒட்டிக்கொண்டு வந்து அடுத்த பீட்டைத் தள்ளிவிடும். அந்தக் குறில்தான் ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளும் கை.

இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள்

கேட்பவர்கள் கைதட்டும்போது பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள். ஸ்விங்கில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. டிரம்ஸ்காரர் இடது காலால் மூடும் இரட்டைத் தட்டு “சிக்” என்று ஒலிப்பதும் அங்கேதான். ஒன்றில் தட்டுவது பூமியில் கால் ஊன்றுவது. இரண்டில் தட்டுவது கால் எழும்பும் கணத்தைப் பிடிப்பது. அதனால்தான் பாட்டு மிதக்கிறது.

நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஹாரி கானிக் ஜூனியர் இன்றைய குரூனர்களில் பியானோவிலும் தேர்ந்தவர். ஒரு கச்சேரியில் கூட்டம் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் யாரையும் திருத்தவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவே ஒரே ஒரு பாரில் நான்குக்குப் பதில் ஐந்து பீட் வைத்தார். அவ்வளவுதான். கூட்டம் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்க, தாளம் ஒரு படி நகர்ந்து, தட்டெல்லாம் இரண்டிலும் நான்கிலும் விழத் தொடங்கின. அந்தக் காட்சி இணையத்தில் இருக்கிறது. தேடிப் பாருங்கள், அந்த இடம் வரும்போது பாட்டின் கனமே சட்டென்று குறைவதை உணர்வீர்கள்.

வீட்டில் பழக ஒரு வழி: கைப்பேசியில் சீராக “டிக்” என்று தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60இல் வையுங்கள். அந்த “டிக்”கை இரண்டு என்றும் நான்கு என்றும் வைத்துக்கொண்டு, ஒன்றையும் மூன்றையும் நீங்களே வாயால் சொல்லுங்கள்: “ஒன்று, (டிக்), மூன்று, (டிக்)”. பாட்டின் வேகம் இப்போது 120. முதல் சில நிமிடங்களில் டிக் தானாக ஒன்றுக்கு நழுவிவிடும். நழுவினால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். நழுவாமல் நின்றபின் “தாஅட”வைச் சேருங்கள்.

பாடகர் எங்கே நிற்கிறார்

எனக்கு இந்தக் கலையிலேயே மிக அழகான பகுதி இது. இசைக்குழு இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது. பேஸ் ஒவ்வொரு பீட்டுக்கும் ஓர் அடி வைத்து நடக்கிறது, கிதார் நான்கையும் சொல்கிறது. பாடகரும் அதே இடத்தில் சொல்லை வைத்தால் அணிவகுப்புப் பாட்டு ஆகிவிடும். குரூனர் பெரும்பாலும் பீட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்பார். இதைப் பின்னிழுத்துப் பாடுவது எனலாம்: வரியைத் தாமதமாகத் தொடங்கி, முடிவதற்குள் ஈடுகட்டிவிடுவது.

“நேற்று மழை வந்தது” என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியபடி பாடினால்:

ஒன்று: நேற்று. இரண்டு: மழை. மூன்று: வந். நான்கு: தது.

பின்னிழுத்தால்:

ஒன்று: மௌனம், அதன் குறிலில் “நேற்று”. இரண்டு: அந்த “நேற்று” இன்னும் முடியவில்லை, குறிலில் “மழை”. மூன்று: “மழை” நீள்கிறது. நான்கு: “வந்தது” முழுவதும் பேச்சு வேகத்தில் விழுந்து முடிகிறது.

சொல் அதே, ஸ்வரமும் அதே. ஆனால் இரண்டாவதைச் சொல்கிறவர் மழையை இப்போது நினைத்துப் பார்க்கிறார் என்று தோன்றும். முதலாவது அறிவிப்பு, இரண்டாவது பேச்சு. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே இந்த இடைவெளியில் ஒரு வாழ்க்கையையே வைத்தார். சினாட்ரா அவரிடமிருந்து கற்றதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டவர்.

இங்கே நடக்கும் பிழை: பாடகர் தாமதிக்கும்போது பியானோக்காரர் அவருக்காகக் காத்திருப்பது. அவர் காத்திருந்தால் பாட்டு முழுவதும் மெதுவாகிவிடும். பின்னிழுப்பது என்பது வேகம் மாறாத ஒன்றுக்குப் பின்னால் நிற்பது. பேருந்து தன் வேகத்தில் போனால்தான் படியில் சாய்ந்து நிற்பதற்குப் பொருள் உண்டு. அதனால் நல்ல குழு பாடகரைப் பின்தொடராது, தாளத்தைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வருவார் என்று நம்பும்.

சுருக்கமாக: குழு நெடில் குறிலாக நடக்கிறது, அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் இருக்கிறது, பாடகர் அதற்குச் சற்றுப் பின்னால் பேசிக்கொண்டு வருகிறார்.

ஒரு பாட்டு ஸ்டாண்டர்ட் ஆவது எப்படி

பழையதாக இருந்தால் போதாது. 1930களில் எழுதி மறந்துபோன பாட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. மற்றவர்கள் எடுத்துப் பாடப் பாடத்தான் ஒரு பாட்டு ஸ்டாண்டர்ட் ஆகிறது.

“ஐவ் காட் த வேர்ல்ட் ஆன் எ ஸ்ட்ரிங்” என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். 1932இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் நிகழ்ச்சிக்காக ஹெரால்ட் ஆர்லன் இசையமைக்க, டெட் கோலர் எழுதினார். 1953இல் சினாட்ரா நெல்சன் ரிடில் குழுவுக்காக மாற்றி அமைத்த வடிவத்தில் பதிவு செய்தார். 2007இல் பூப்ளே பாடினார். நடுவில் பாடியவர்களை எண்ணி முடியாது.

இப்படிப் பல கை மாறுவதற்கு ஏற்ற உருவம் இந்தப் பாட்டுக்கு இருக்கிறது. 32 பார், எட்டெட்டாக நான்கு பகுதி. முதல் எட்டில் ஒரு மெட்டு, அடுத்த எட்டில் அதே மெட்டு, மூன்றாவது எட்டில் புது மெட்டு, கடைசி எட்டில் பழைய மெட்டு திரும்பும். புது மெட்டு வரும் மூன்றாவது பகுதிக்குப் பாலம் என்று பெயர். 32 பாரும் சேர்ந்து ஒரு சுற்று. முன்னால் நான்கு அல்லது எட்டு பார் அறிமுகம், பிறகு பாடகர் ஒரு முழுச் சுற்று, அடுத்த சுற்றின் பாதியைக் குழு வாசிக்கும், பாலத்தில் பாடகர் மறுபடி நுழைவார், கடைசி வரியை இரண்டு மூன்று முறை திருப்பிச் சொல்லி முடிப்பார். இந்தச் சட்டகம் காதில் ஏறிவிட்டால், புதிதாகக் கேட்கும் பாட்டில்கூட எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

சட்டகம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் மாற்றுவதற்குச் சுதந்திரம் கிடைக்கிறது. “ஃப்ளை மீ டு த மூன்” 1954இல் பார்ட் ஹோவர்ட் எழுதியபோது மூன்று பீட் கொண்ட வால்ட்ஸ். 1964இல் சினாட்ராவும் கவுன்ட் பேஸியின் குழுவும் பதிவு செய்தபோது குவின்சி ஜோன்ஸ் அதை நான்கு பீட் ஸ்விங்காக மாற்றி அமைத்தார். இன்று அதை மூன்றில் பாடினால்தான் கேட்பவர் திகைப்பார்.

பெரிய குழு என்றால் வழக்கமாக ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பிறகு பியானோ, கிதார், பேஸ், டிரம்ஸ், ஆக 17 பேர். பாடகர் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் பித்தளைக் கருவிகள் பாய்ந்து பதில் சொல்லும். அந்தப் பதில் பாடகர் எவ்வளவு இடம் விட்டார் என்பதைப் பொறுத்தது. விடாமல் பாடுகிறவருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய குழு நின்றாலும் வீண்தான்.

இது ஜாஸ்தானா?

ஜாஸின் உயிர் உடனடிக் கற்பனை: மெட்டை அந்தக் கணத்தில் புதிதாக்குவது. “எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்” என்ற ஜாஸ் பாடகி சொற்களையே விட்டுவிட்டு, கருவிபோல அசைகளால் பாடிக்கொண்டு போவார். குரூனர் பொதுவாக அவ்வளவு தூரம் போவதில்லை. மெட்டைக் காப்பாற்றி, காலத்தில் மட்டும் விளையாடுவார். ஜாஸின் தாளம், ஜாஸின் பாடல் பட்டியல், ஜாஸ் குழுவின் ஒலி, ஆனால் பாட்டும் சொல்லும் முன்னால் நிற்கும் பாப் பாடகரின் நோக்கம். பூப்ளேயை “ஜாஸே இல்லை” என்று தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை; ஜாஸின் முழு முகம் அவர்தான் என்று எண்ணிக்கொள்வதும் தவறு. ஃபிட்ஸ்ஜெரால்டையும் பில்லி ஹாலிடேயையும் கேட்டுவிட்டு பூப்ளேயிடம் திரும்பினால், அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது தானே விளங்கும்.

சொந்தப் பாட்டு எழுதும்போது

இன்றைய குரூனருக்கு உள்ள கடினமான கேள்வி இதுதான். தொண்ணூறு வருடப் பாட்டுகளுக்கு நடுவே தன் பாட்டை வைத்தால் அது நிற்குமா?

ஸ்விங் நடையில் புதிதாக எழுதினால் நகல்போலத் தோன்றும் ஆபத்து இருக்கிறது. 32 பார் சட்டகத்தில் எழுதினால் இன்றைய வானொலிக்குப் பல்லவி திரும்பத் திரும்ப வரவில்லையே என்ற குறை வரும். அதனால் பலர் வேறு வழியில் போகிறார்கள். பூப்ளே, அவருடைய பியானோக்காரர் ஆலன் சாங், எமி ஃபாஸ்டர் ஆகியோருடன் எழுதி 2005இல் வெளியிட்ட “ஹோம்” பாட்டைக் கேளுங்கள். பீட்டுக்குள் இரண்டு ஸ்வரமும் சமம், “தக தக”. இரண்டிலும் நான்கிலும் துள்ளல் இல்லை, பித்தளைப் பாய்ச்சல் இல்லை. ஊர் ஊராகப் போகும் ஒருவர் வீட்டுக்குத் திரும்ப ஏங்குகிறார். அவ்வளவுதான் பாட்டு. ஸ்விங் துளியும் கிடையாது. ஆனால் குரூனிங் முழுக்க இருக்கிறது: உதட்டருகே மைக், பேச்சுக் குரல், வரியின் முடிவில் தளராத மூச்சு. முதலில் பிரித்த மூன்று சொற்கள் எதற்கு உதவும் என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும்.

அந்தப் பாட்டைப் பிறகு மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அயர்லாந்தின் வெஸ்ட்லைஃப் குழு பாடியது. அமெரிக்க நாட்டுப்புற நடைப் பாடகர் பிளேக் ஷெல்டன் பாடிய பதிவு 2008இல் அந்த இசைக்கான தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. அதில் ஜாஸின் சாயலே இல்லை, குரலும் வேறு, மண்ணும் வேறு. ஆனாலும் பாட்டு குலையாமல் நின்றது.